எங்கப்பா கரண்டைப் பற்றித்தான் பேசினார்

எங்கப்பா எனக்கு வாழ்க்கையைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. நல்லாப் படி, பெரியவங்களை எதிர்த்துப் பேசாதே என்பது போன்ற வழக்கமான புத்திமதிகள்கூட அம்மா வாயிலிருந்து வந்தவைதான். "அப்பா சொல்லச் சொன்னாங்க" என்று கூடவே ஒரு முத்திரை குத்தப்பட்டு வரும். எங்கள் ஊர்ப் பக்கம் அப்பாக்கள் மகளிடம் சொல்ல வேண்டியதை அடுப்படி வழியாகத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

கரண்டைப் பற்றி மட்டும் என்னிடம் நேராகப் பேசினார். மின்வாரியத்தில் லைன்மேன். பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகிற வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் கொன்றை வேந்தனை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள். 'தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை' என்ற வரி வரும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்த தந்தை சொற்கள் ஏ.பி. சுவிட்ச், ஹெச்.ஜி. பியூஸ், எர்த் ராடு. மந்திரம் மாதிரியேதான் இருந்தன. அர்த்தம் பாதிதான் புரியும்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். தந்தையர் தினம் வந்தால் கூட வேலை பார்ப்பவர்கள் தங்கள் அப்பாக்கள் சொன்ன பொன்மொழிகளை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். கடலைப் பற்றி, நட்சத்திரங்களைப் பற்றியெல்லாம் பேசியிருக்கிறார்கள் அந்த அப்பாக்கள். எனக்கு அப்படி வைக்க ஒன்றும் இல்லை. "எர்த்தை முதல்ல மண்ணுல மாட்டு, அப்புறம் கம்பியில மாட்டு" என்று போட்டால் யாருக்கு என்ன புரியும்?

ஆனால் எனக்குத் தெரிந்த உருப்படியான அறிவுரைகள் எல்லாம் அந்த ரகம்தான்.

அப்பா எழுபதுகளின் கடைசியில் ஹெல்பராகச் சேர்ந்தார். 1957-ல் தொடங்கிய மின்வாரியத்தை 2010 நவம்பரில் கம்பெனிகளாகப் பிரித்தார்கள். ஓய்வு பெறும்போது அவருடைய காகிதங்களில் வாரியத்தின் பெயர் வேறாக இருந்தது. ஊருக்கு அவர் கடைசிவரை ஈ.பி.காரர்தான். கரண்டு இருந்தால் ஈ.பி., போனால் "கரண்டு போயிருச்சு, ஈ.பி.காரரைக் கூப்பிடு". ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் திண்ணையில் யாராவது இருமிக்கொண்டு நிற்பார்கள். தோப்புக்குத் தண்ணீர் பாயும்போது பியூஸ் போய்விட்டால் விவசாயிக்கு விடியும்வரை பொறுமை இருக்காது.

பள்ளி விடுமுறையில் என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து டிரான்ஸ்பார்மருக்குக் கூட்டிப்போவார். பெண்பிள்ளையை ஏன் அங்கே கூட்டிப்போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "வீட்டுல இருந்தா ஸ்விட்ச் போர்டுல கையை வைக்கும். அங்க இருந்தா வைக்காது" என்றார். அது உண்மைதான். அங்கே போனபிறகு நான் எந்த ஸ்விட்சையும் ஈரக்கையால் தொட்டதில்லை.

அங்கே நான் பார்த்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். ஹெச்.டி. லைனில், அதாவது 11,000 வோல்ட் போகிற கம்பியில் வேலை என்றால் முதலில் சப்ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி லைன் கிளியர் வாங்க வேண்டும். எல்.சி. என்பார்கள். சப்ஸ்டேஷன் ஆபரேட்டர் அந்த பீடரின், அதாவது அங்கிருந்து அந்தப் பக்கம் போகிற லைனின், பிரேக்கரைத் திறந்து, ஐசொலேட்டரையும் திறந்து இணைப்பைத் துண்டித்துவிட்டு, யார் கேட்டார், என்ன வேலை, எத்தனை மணி என்று பதிவேட்டில் எழுதுவார். எழுதிய பிறகுதான் "எல்.சி. எடுத்துக்கங்க" என்று பதில் வரும். கம்பத்துக்குக் கீழே நிற்பவர்கள் அதோடு ஏறத் தயாராகிவிடுவார்கள்.

அப்பா ஏறமாட்டார். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் லைனைத் துண்டிக்கிற ஏ.பி. சுவிட்சைத் தானே இறக்குவார். மூன்று பிளேடும் உண்மையாகவே விலகியிருக்கிறதா என்று கழுத்தை வளைத்துப் பார்ப்பார். கைப்பிடி கீழே வந்துவிட்டது என்பதால் மேலே பிளேடு திறந்துவிட்டதாக ஆகாது. துருப்பிடித்த பழைய சுவிட்சில் ஒரு பிளேடு ஒட்டிக்கொண்டே நிற்கும். பிறகு லைனைச் சோதிப்பார். பிறகு எர்த் ராடு, தப்பித் தவறி லைனில் கரண்ட் வந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடுவது. அதன் ஒரு முனையை முதலில் மண்ணோடு இணைத்துவிட்டு, நீளக் கழியின் கொக்கியை ஒவ்வொரு கம்பியிலும் மாட்டுவார். கழற்றும்போது நேர்மாறு: முதலில் கம்பி, கடைசியில் மண். இந்த வரிசை மாறினால் எர்த் ராடு காப்பாற்றாது, பிடித்திருப்பவரையே எர்த் ஆக்கிவிடும்.

"சப்ஸ்டேஷன்ல ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டாங்களேப்பா. அப்புறம் எதுக்கு இவ்வளவும்?" என்று கேட்டேன்.

"அவரு ஆஃப் பண்ணது அவருக்குத் தெரிஞ்ச லைனை, பாப்பா. நான் ஏறப்போறது இந்த லைன்ல."

அவ்வளவுதான் பதில். பொய் சொல்கிறார் என்று ஆபரேட்டர் மேல் அவருக்குச் சந்தேகம் இல்லை. இருவரும் ஒரே ஊர்ப் பெயரைச் சொல்லி வேறு வேறு பீடரை நினைத்திருக்கலாம். பக்கத்தில் ஓடுகிற இன்னொரு லைனிலிருந்து தூண்டல் மின்சாரம் இதில் ஏறியிருக்கலாம். எந்தத் தோப்பிலோ ஒருவர் ஜெனரேட்டரைப் போட்டிருக்கலாம். யாருமே தப்பு செய்யாமலும் ஒரு லைனில் கரண்ட் இருக்கலாம் என்பது அவருடைய உறுதியான கொள்கை.

இதோடு ஒட்டிய இன்னொன்று உண்டு. புதிதாக வரும் ஹெல்பர்களுக்கு அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். "லைன் ஆஃப்தானே அண்ணேன்னு கேக்காத. ஆமான்னுதான் சொல்வாங்க. எந்த லைன் ஆஃப்ல இருக்குன்னு கேளு. அவங்க வாயால பேரு வரணும்."

நர்ஸிங் படிக்கும்போது மருந்து கொடுப்பதற்கான ஐந்து சரிகளைக் கற்றுத் தந்தார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அதில் முதலாவதை விளக்கும்போது மேடம் சொன்னார், "நீங்கதானே ராஜேந்திரன்னு கேக்கக்கூடாது. உங்க பேரு என்னன்னு கேக்கணும்." வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு இது எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மர் அடியிலேயே நடத்தி முடித்த பாடம்.

வேலைக்கு வந்த பிறகு அதன் மதிப்பு தெரிந்தது. காது கேட்காத பெரியவர்கள் எதைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். நர்ஸ் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று "ஆமாம்மா" என்பவர்கள் இன்னும் அதிகம். ஒருநாள் ஒரே பெயரில் இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள். ஊசியை எடுத்துக்கொண்டு போய், "ஐயா, உங்க முழுப்பேரு, அப்பா பேரு சொல்லுங்க" என்றேன். சலித்துக்கொண்டே சொன்னார். என் கையில் இருந்த சீட்டில் வேறு அப்பா பெயர். கட்டில் மாறிப் படுத்திருக்கிறார். ஜன்னல் ஓரம் காற்று வருகிறதாம். யார் மேலும் குற்றமில்லை. அப்பா சொன்ன அதே கதைதான், யாருமே தப்பு செய்யவில்லை, ஆனாலும் லைனில் கரண்ட் இருந்தது.

அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து. நீர்க்காமல் நேராக ரத்தக்குழாயில் வேகமாகப் போட்டால் இதயம் நின்றுவிடும். அதனாலேயே அதைச் சாதாரண வார்டு அலமாரியில் வைக்கக் கூடாது என்பார்கள். தண்ணீர் மாதிரி நிறமற்று, சின்னக் குப்பியில், பார்ப்பதற்கு எதுவுமே இல்லாதது போல இருக்கும். முதன்முதலாக அதைக் கையில் வாங்கியபோது, கம்பத்தில் தொங்கும் கம்பியும் பார்க்க இப்படித்தானே சாதுவாக இருக்கும் என்று தோன்றியது.

எல்.சி.யில் இன்னொரு விதியும் இருக்கிறது. யார் வாங்கினாரோ அவரேதான் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேறு யார் கேட்டாலும் ஆபரேட்டர் லைனைப் போடக் கூடாது. உதவிப் பொறியாளரான ஏ.இ. கேட்டாலும் கூடாது. திருப்பிக் கொடுக்குமுன் மேலே ஏறியவர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று ஆள் எண்ண வேண்டும், சாமான் எண்ண வேண்டும், எர்த் ராடைக் கழற்றியாயிற்றா என்று பார்க்க வேண்டும்.

இந்த விதியை அப்பா ஏன் அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்பதை அம்மாதான் பின்னாளில் சொன்னார். அப்பா இளைஞராக இருந்த காலத்தில் பக்கத்து செக்‌ஷனில் ஒரு விபத்து. போன் ஒழுங்காகக் கிடைக்காத காலம். "மூணு மணிக்கு முடிஞ்சிரும், மூணு மணிக்குப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று மணிக்கு லைன் வந்தது. வேலை முடியவில்லை. கம்பத்தில் ஒருவர் இருந்தார். அவரும் அப்பாவும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அப்பா இதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

அதற்குப் பிறகு அவர் கடிகாரத்தை நம்பி எதையும் ஒப்புக்கொண்டதில்லை. வீட்டிலும் அப்படித்தான். "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று அம்மா கேட்டால் மணி சொல்லமாட்டார். "வேலை முடிஞ்சா வருவேன்." இருபது முப்பது வருடம் அம்மா இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார். சோறு ஆறிப்போகிறது என்பது அம்மா கட்சி. சொன்ன நேரம் வந்துவிட்டால் எல்லாரும் அது முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள் என்பது அப்பா கட்சி. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, ஆனால் சோறு விஷயத்தில் அம்மா பக்கம்தான்.

புறநானூற்றில் பொன்முடியார் பாட்டு ஒன்று எல்லாருக்கும் தெரியும். பெற்றுப் புறந்தருவது என் கடன், சான்றோன் ஆக்குவது தந்தைக்குக் கடன் என்று ஒரு தாய் பேசுவது. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை தருவது வேந்தனுக்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை பிரித்துக் கொடுத்துவிட்டு, யானையை வீழ்த்தித் திரும்பி வருவது மகனுக்குக் கடன் என்று முடிக்கிறார். பேச்சுப்போட்டிகளில் 'சான்றோன் ஆக்குதல்' வரியோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குக் கடைசி அடிதான் பிடிக்கும். யானையை வீழ்த்துவதோடு வேலை முடியவில்லை, திரும்பி வந்தால்தான் கணக்கு. எல்.சி. திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறும்போது ஒப்படைப்பதை நர்ஸிங் ஸ்டேஷனில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நான் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் போவேன். "உங்களுக்கு பஸ் போயிரும் சிஸ்டர்" என்பார்கள். போகட்டும், அடுத்த பஸ் வரும்.

மழைக்காலத்துக்கென்று தனிப் பாடம். கம்பி அறுந்து தரையில் கிடந்தால் கிட்டே போகாதே என்பது எல்லா அப்பாவும் சொல்வது. எங்கப்பா மேலே ஒன்று சொன்னார்: நீ ஏற்கெனவே பக்கத்தில் இருந்தால் ஓடாதே. ஈர மண்ணில் ஹெச்.டி. கம்பி விழுந்தால் அந்த இடத்தைச் சுற்றித் தரையெல்லாம் மின்னழுத்தம் பரவியிருக்கும், தள்ளிப்போகப்போகக் குறையும். எட்டு வைத்தால் ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையே வித்தியாசம் அதிகமாகி, கரண்ட் ஒரு கால் வழியாக ஏறி மறுகால் வழியாக இறங்கும். மாடுகள் அதனால்தான் அதிகம் சாகின்றன. முன்னங்காலும் பின்னங்காலும் அவ்வளவு தள்ளி இருக்கின்றன. ஆகவே இரண்டு பாதத்தையும் ஒட்டிவைத்து, தரையை விட்டுத் தூக்காமல், இழுத்து இழுத்து நகர வேண்டும். முற்றத்தில் எனக்கும் தம்பிக்கும் நடக்கப் பழக்கிக் கொடுத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். இதுவரை எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் கலவரமான நேரத்தில், எமர்ஜென்சியில் எல்லாரும் ஓடும்போது, என் கால்கள் தானாக நெருங்கிக்கொள்கின்றன.

காசு விஷயத்துக்கு வருகிறேன். லைன்மேன் மகள் என்றால் அடுத்த கேள்வி எல்லாருக்கும் அதுதான். பியூஸ் போட வருகிறவருக்குக் கையில் ஏதாவது கொடுப்பது எங்கள் பக்கம் மொய் எழுதுவது மாதிரி சகஜம். அப்பா புனிதர் இல்லை. வேலை முடிந்த பிறகு இளநீர் குடிப்பார். யாராவது பத்துத் தேங்காயை சைக்கிளில் கட்டிவிட்டால் அவிழ்க்கமாட்டார். பணம் வாங்கமாட்டார், அதுவும் வேலைக்கு முன்னால் கண்டிப்பாக மாட்டார்.

நேர்மை என்று நினைத்துப் பெருமைப்பட்டு நான் ஒரு முறை கேட்டேன். அவர் சொன்ன காரணம் வேறு. "காசு வாங்குனா அவனுக்கு நம்மள அவசரப்படுத்த உரிமை வந்துரும். எல்.சி.யெல்லாம் எதுக்குண்ணே, சட்டுனு ஏறிப் போட்டுட்டு இறங்குங்கம்பான். காசு வாங்கின வாய் மாட்டேன்னு சொல்லாது."

அப்துல் கலாம் தன் தந்தையைப் பற்றிப் பல மேடைகளில் ஒன்று சொல்லியிருக்கிறார். சுதந்திரத்துக்குப் பிறகு ஜைனுலாபுதீன் ராமேஸ்வரம் பஞ்சாயத்துத் தலைவரானார். ஒரு நாள் அவர் இல்லாத நேரத்தில் யாரோ பரிசுப் பொருள் கொண்டுவந்தார். சிறுவன் கலாம் அதை வாங்கி வைத்துவிட்டார். திரும்பி வந்த தந்தைக்குக் கோபம். அடியும் விழுந்தது. ஒருவரைப் பதவியில் அமர்த்துகிற இறைவன் அவருக்கு வேண்டியதையும் தருகிறான், அதற்கு மேல் வாங்குவது ஹராம் என்பது அவர் மகனுக்குச் சொன்ன காரணம். குடியரசுத் தலைவரான பிறகும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்றால் அந்த அடி எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும்! எங்கப்பாவின் காரணத்தில் இறைவன் வரவில்லை. உயிரோடு வீடு திரும்புகிற கணக்குதான். வாங்காத பழக்கத்துக்கு இரண்டு பேரும் இரண்டு வழியாக வந்திருக்கிறார்கள். எனக்கு அப்பாவின் வழி பின்பற்ற எளிதாக இருக்கிறது. பக்தி குறைகிற நாளில்கூட அது வேலை செய்யும்.

பயத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் வேடிக்கை. பயப்படாதே என்றுதான் உலகத்தில் எல்லா அப்பாவும் சொல்கிறார்கள். 1930 அக்டோபரில் நைனி சிறையிலிருந்து நேரு தன் மகளுக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள் கடிதம் எழுதினார். ரகசியமாக எதையும் செய்யாதே, மறைக்கத் தோன்றினாலே அங்கே பயம் இருக்கிறது, பயம் உனக்குத் தகுதியானதல்ல என்பது அதன் சாரம். சிறைக் கம்பிக்குப் பின்னால் இருக்கும் தந்தை அப்படி எழுதுவது கம்பீரமாகத்தான் இருக்கிறது. எங்கப்பாவின் கம்பி வேறு ரகம். "பயம் போன அன்னைக்குக் கம்பத்துல ஏறக்கூடாது" என்பார். அவர் பார்த்தவரையில் அடிபட்டவர்களில் புதுசாக வந்தவர்கள் குறைவு. பதினைந்து, இருபது வருடம் சர்வீஸ் போட்டு, கம்பி பழகிப்போனவர்கள்தான் அதிகம். 'அஞ்சுவது அஞ்சாமை பேதைமை' என்று வள்ளுவர் சொன்னதை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் குறளின் அடுத்த பாதி, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது 'அறிவார் தொழில்' என்பது, அவருக்கு நிஜமாகவே தொழில்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அப்பாவைச் சிலை வைத்ததாகிவிடும். எல்.சி. கொடுத்த ஆபரேட்டரையே நம்பாத மனிதர், ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை ஒரு தனியார் பைனான்ஸில் போட்டார். ஏன் போட்டார்? தெரிந்தவர் சொன்னார். வட்டி நல்லா வருதுண்ணே என்றார். "நல்லாத்தானே இருக்கு?" என்று அப்பா கேட்டிருக்கிறார். "ஆமாண்ணே" என்று பதில் வந்திருக்கிறது. கேட்கக் கூடாது என்று ஹெல்பர்களுக்குச் சொல்லித்தந்த அதே கேள்வி! சில மாதம் வட்டி வந்தது. பிறகு வட்டியும் வரவில்லை, தெரிந்தவரும் வரவில்லை.

அந்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தேன். கோபத்தில் கேட்டேவிட்டேன், "டெஸ்ட் பண்ணாம ஏறிட்டீங்களேப்பா" என்று. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "அது கரண்ட் இல்லையே பாப்பா" என்றார்.

அதுதான் விஷயம் என்று இப்போது நினைக்கிறேன். அவர் எனக்குச் சொன்னவை எல்லாம் கரண்டுக்கு உண்டான விதிகள். அவற்றைக் கம்பத்திலிருந்து இறக்கி வார்டுக்கும் வங்கிக்கும் கல்யாணத்துக்கும் கொண்டுபோனது நான். அவர் கொண்டுபோகவில்லை. கம்பத்தில் அவருக்கிருந்த புத்தி தரையில் இறங்கியதும் சாதாரண மனிதனின் புத்தியாகிவிட்டது. என் தம்பிக்கும் அதே அப்பாதான், அதே முற்றத்தில்தான் காலை இழுத்து நடக்கக் கற்றான். அவன் வண்டியை எண்பதுக்குக் குறைந்து ஓட்டமாட்டான், எந்தப் பத்திரத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அது செய்ததைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தலைமுறைத் தென்னைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன, ஒவ்வொன்றும் விழும்போது ஒரு லைனையும் கூட இழுத்துக்கொண்டு. மொத்தப் பகுதியிலும் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் போயின. வாரக்கணக்கில் இருட்டு. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்த ஆட்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள்.

குடிக்கத் தண்ணீர் ஏற்ற மோட்டார் ஓட வேண்டும். அதனால் ஊருக்குள் வாடகை ஜெனரேட்டர்கள் வந்தன. ஒரு வீட்டில் மணிக்கணக்குக்குப் போட்டு, டேங்க் நிரப்பி, தெருவே வந்து செல்போன் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகும். ஜெனரேட்டர் வயரை நேராக வீட்டு போர்டில் செருகிவிடுவார்கள். மெயின் ஸ்விட்சை யாரும் இறக்குவதில்லை. அதுதான் கரண்டே இல்லையே, எதற்கு இறக்க வேண்டும்?

அப்பா ரிட்டயர்ட் ஆகிச் சில வருடம் ஆகியிருந்தது. ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். மெயின் இறக்காமல் ஜெனரேட்டரைப் போட்டால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் வயர் வழியாகக் கம்பத்துக்குப் போகும், அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. இந்தப் பக்கம் வீட்டுக் கரண்டைக் கொடுத்தால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி அனுப்பும். தூரத்தில், அறுந்த லைனைச் செத்த லைன் என்று நம்பி, கேரளாவிலிருந்து வந்த ஒரு பையன் கையில் பிடித்திருப்பான்.

டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். விழுந்த மரங்களைச் சுற்றி, வரப்பில் இறங்கி, சில இடங்களில் வண்டியை விட்டுவிட்டு நடந்து. நானும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். சில வீடுகளுக்குக் கூடப் போனேன். "மெயினை இறக்கிட்டு ஜெனரேட்டரைப் போடுங்க" என்று சொல்வதோடு விடவில்லை. பியூஸ் கம்பி மாட்டுகிற கட்டையை, பியூஸ் கேரியரைக் கழற்றி, அந்த வீட்டு ஆம்பளை கையில் கொடுக்காமல் பொம்பளை கையில் கொடுத்தார். "அஞ்சறைப் பெட்டியில வைம்மா. நம்ம ஊருக்கு லைன் வந்துருச்சுன்னு ஈ.பி. ஆளுங்க வந்து சொல்ற வரைக்கும் யாரு கேட்டாலும் கொடுக்காத. உங்க வீட்டுக்காரரு கேட்டாலும் கொடுக்காத."

ஒரு வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. "உங்களுக்குத்தான் ரிட்டயர்டு ஆயிருச்சே, நீங்க யாரு கேக்குறதுக்கு?" என்றார்கள். அப்பா கோபப்படவில்லை. திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். ஜெனரேட்டரை அணைக்கும்வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த நாளும் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பெரியம்மாவே கேரியரைக் கழற்றிக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "மோர் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் வேலை செய்த கேரளப் பையன்களுக்கு அம்மா சோறு போட்டார். அப்பாவுக்கு மலையாளம் தெரியாது, அவர்களுக்கு எங்கள் ஊர்த் தமிழ் பிடிபடவில்லை. ஏறுமுன் ஒருவன் எர்த் ராடை எடுத்து, முதலில் மண்ணில் மாட்டிவிட்டு அப்புறம் கம்பியில் கொக்கியைப் போட்டான். அப்பா என்னைப் பார்த்து, "நல்ல எடத்துல வேலை பழகியிருக்கான்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு எனக்கோ தம்பிக்கோ கிடைத்ததில்லை.

போன வருடம் தம்பி வீட்டு மாடியில் சோலார் போட்டான். அரசு மானியம் உண்டு, பில் குறையும், மிச்சக் கரண்ட் லைனுக்குப் போகும் என்று சொன்னான். 'லைனுக்குப் போகும்' என்றதும் அப்பா நிமிர்ந்தார். பொருத்த வந்த கம்பெனிப் பையனிடம், கம்பத்தில் ஆள் ஏறி வேலை செய்யும்போது உங்க கரண்ட் அங்கே போகாதா என்று கேட்டார். அவன் பொறுமையாக விளக்கினான்: வெளியே கரண்ட் நின்றால் இன்வெர்ட்டர் அதைக் கண்டுபிடித்துத் தானே அணைந்துவிடும், சூரியன் எவ்வளவு அடித்தாலும் வெளியே ஒரு சொட்டு போகாது, எல்லாக் கருவியிலும் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டார். "சரி தம்பி. மெயினை இறக்குங்க, பாப்போம்."

பட்டப்பகல், உச்சி வெயில். பையன் மெயினை இறக்கினான். இன்வெர்ட்டர் அணைந்தது. அப்பா தன் டெஸ்டரை எடுத்து வெளியே போகிற வயரில் வைத்துப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி இறக்கச் சொன்னார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். பையன் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னதைச் செய்தான்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார் அப்பா. பிறகு அந்தப் பையனிடம், "ஏந் தம்பி, உங்க கிளவுஸ் ஏன் இன்னும் வண்டியிலயே கெடக்கு?"